விலை ஒருமுறை, கட்டணம் மாதாமாதம்

சிங்கப்பூரில் குளிர்பதனப் பெட்டி வாங்கச் செல்லும் குடும்பம் முதலில் பார்ப்பது விலைச்சீட்டைத்தான். பிறகு வரப்போகும் மின்கட்டணத்தை அறிய, பெட்டியில் ஒட்டியிருக்கும் எரிசக்தி முத்திரையைப் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் 2008 முதல் அது கட்டாயம்.

எளிய கணக்கு ஒன்று. ஒரு பெட்டியின் விலை 600 வெள்ளி. ஆண்டுக்கு 400 அலகு மின்சாரம் எடுக்கும். மற்றொன்று 750 வெள்ளி. அதற்கு 280 அலகு போதும். ஓர் அலகு 30 காசு என்றால், இரண்டாவது பெட்டியால் ஆண்டுக்கு 36 வெள்ளி மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 150 வெள்ளி ஐந்தாம் ஆண்டில் திரும்பிவிடும். பெட்டி பத்தாண்டு உழைத்தால் அதுபோக 210 வெள்ளி கையில் நிற்கும்.

முத்திரையிலுள்ள ‘டிக்’ குறிகளை மட்டும் எண்ணினால் ஏமாறக்கூடும். பெட்டியின் கொள்ளளவைக் கருத்தில் கொண்டே அவை வழங்கப்படுகின்றன. நான்கு குறி பெற்ற பெரிய பெட்டி, மூன்று குறி பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம். ஆண்டுக்கு எத்தனை அலகு என்பதையே ஒப்பிட வேண்டும்.

அந்த 150 வெள்ளியை ஒரேயடியாகப் புரட்ட முடியாத குடும்பம்தான் மலிவானதை வாங்கி, ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டுகிறது. வீவக வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு 2024இல் அரசாங்கம் வழங்கிய 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு இங்கேதான் கைகொடுக்கும். அது 2027 இறுதிவரை செல்லும். இன்னும் பயன்படுத்தாதவர்கள், பழைய பெட்டி பழுதாகும் நாளுக்கென அதை எடுத்து வைக்கலாம்.