ஒரு கார்டு, மூன்று கம்ப்யூட்டர், நாலு பேர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது சங்கச் செயலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அட்வைஸ் பண்ணாதே. ஏதாவது விஷயம் இருந்தால் சொல்லு." ஆகவே, நான் ஒரு வீட்டுக்குள் பண்ணின சின்ன இன்ஜினியரிங் வேலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அலுவலகத்தில் பண்ணின எந்த வேலையும் இவ்வளவு பாடுபடுத்தியதில்லை.

டி.வி. ட்யூனர் கார்டு என்றால் இப்போதைய மாணவர்கள் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் செருகுகிற ஒரு அட்டை. கேபிள் ஒயரை அதன் பின்னால் சொருகினால் மானிட்டரில் டி.வி. தெரியும். எங்கள் ஹாஸ்டல் பிளாக்கில் ஒரே ஒரு சீனியர் அண்ணனிடம் அது இருந்தது. 2007 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 5 ரன்னில் ஜெயித்ததே, அதை அந்தப் பதினைந்து அங்குல மானிட்டரில் இருபது பேர் பார்த்தோம். எனக்குக் கிடைத்த இடம் ஜன்னல் கம்பி. ட்யூனர் கார்டைப் பலர் பகிர்ந்துகொள்ள அன்று எங்களுக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

2012-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஊர் ஒன்றில் அதே அண்ணனும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கூட இன்னும் இரண்டு பேர். வாடகையைப் பங்கு போட்டோம், கேபிள் பில்லையும் பங்கு போட்டோம். ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், மாடி அறைகளில் இரண்டு. கேபிள் இணைப்பு ஒன்று. ஆளுக்கொரு செட்-டாப் பாக்ஸ் வாடகைக்கு எடுத்தால் மாதா மாதம் அழ வேண்டும். "ஒரு கார்டு வாங்கி மூணு கம்ப்யூட்டருக்கும் கொடுத்துடலாமே, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே?" என்றார் அண்ணன்.

இங்கே அந்த ஊர்க் கேபிளைப் பற்றி நாலு வார்த்தை. அங்கே கேபிளில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். டிஜிட்டல் முறையில் அதற்குள் நொடிக்கு 38.8 மெகாபிட் அடங்கும். அதாவது எச்.டி. சேனல் என்றால் இரண்டு. ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையைத்தான் பிடிக்கும். அதற்குமேல் பூட்டு வேறு. பெரும்பாலான சேனல்கள் சங்கேதமாக்கப்பட்டு வரும். அதைத் திறக்கும் சாவியின் பெயர் கேபிள்கார்டு. பழைய லேப்டாப்பில் செருகுவோமே, அந்த பி.சி.எம்.சி.ஐ.ஏ. அட்டையின் அளவு. 1996-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் ஒரு பிரிவிலிருந்து பிறந்தது இது. கேபிள்காரர் தருகிற பெட்டியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லாமல், கடையில் வாங்கிய பெட்டியிலும் கேபிள் பார்க்க வழி வேண்டும் என்பது அந்தப் பிரிவின் நோக்கம். கேபிள்காரர் சாவியை மட்டும் வாடகைக்குத் தருவார், மீதிக் கருவி உங்களுடையது. நல்ல ஏற்பாடு. காகிதத்தில்.

நாங்கள் வாங்கியது நாலு ட்யூனர் கொண்ட கார்டு. கேபிள்கார்டை அதில் செருகிவிட்டு, கேபிள் கம்பெனிக்கு போன் போட்டு, திரையில் தெரிகிற மூன்று நீண்ட எண்களை வாசிக்க வேண்டும். மறுமுனையில் இருந்த அம்மாவுக்கு என் உச்சரிப்பு புரியவில்லை, எனக்கு அவர் உச்சரிப்பு புரியவில்லை. மூன்றாவது நாள் அண்ணன் வாசித்தார், படம் வந்தது. அவருக்கு எப்போதும் நம் கல்லூரி ஆங்கிலம்தான். எனக்குத்தான் அங்கே போய் நாக்கு சுழல ஆரம்பித்திருந்தது.

கார்டு ஹால் கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும், தன்னை ஒரு நெட்வொர்க் சாதனமாகக் காட்டிக்கொள்ளும். அதை வீட்டு நெட்வொர்க்கோடு பாலம் போட்டு இணைத்துவிட்டால் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரும், ட்யூனர் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொண்டு விண்டோஸ் மீடியா சென்டரில் படம் காட்டும். முதலில் வயர்லெஸ்ஸில் முயன்றோம். எம்பெக்-2 எச்.டி. சேனல் ஒன்று நொடிக்கு 19 மெகாபிட் வரை கேட்கும். எங்கள் பழைய 802.11ஜி ரூட்டர் அட்டைப் பெட்டியில் 54 என்று போட்டிருந்தாலும் மாடியில் 20-ஐத் தாண்டவில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைசியில் மாடிப்படி ஓரமாக ஈதர்நெட் கேபிள் இழுத்து, ஒரு கிகாபிட் ஸ்விட்ச் போட்ட பிறகு சரியானது. இன்னொன்று, ஹால் கம்ப்யூட்டர் தூங்கப் போய்விட்டால் மூன்று பேருக்கும் டி.வி. போய்விடும். அதன் சுவிட்சுக்கு மேலே "அணைக்காதே" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். தமிழ் தெரியாத நண்பர் அதை இரண்டு தரம் அணைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு ட்யூனரை மூன்று கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொடுப்பது? அந்தக் கார்டில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். ஹாலுக்கு இரண்டு, மாடி அறைகளுக்கு ஆளுக்கொன்று என்று பிரித்தேன். நியாயமான பாகப்பிரிவினை என்று நினைத்தேன்.

2013 பிப்ரவரி 3. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய ஆட்டமான சூப்பர் பௌல் நியூ ஆர்லியன்ஸில். தமிழ் தெரியாத அந்த நண்பருக்கு அன்று இரவு ஷிப்ட், பதிவு பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூவரும் வேறொரு வீட்டில் பார்க்கப் போனோம். வீடு காலி. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அரங்கத்தில் கரண்ட் போய்விட்டது. அமெரிக்காவில், அதுவும் சூப்பர் பௌலில்! 34 நிமிஷம் ஆட்டம் நின்றது. நாங்கள் ஊர் ஞாபகத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? நிகழ்ச்சிப் பட்டியலில் ஆட்டம் பத்து மணி வரை. "முடிந்தால் நீட்டித்துப் பதிவு செய்" என்று சொல்லி வைத்திருந்தேன். பத்து மணிக்கு அண்ணனும் நானும் குறித்து வைத்திருந்த இரண்டு நிகழ்ச்சிகள் வந்து ஹாலின் இரண்டு ட்யூனரையும் பிடித்துக்கொண்டன. ஆட்டம் அங்கேயே வெட்டுப்பட்டது. ரேவன்ஸ் 34-31 என்று ஜெயித்த கடைசிக் கட்டம் பதிவாகவில்லை. மாடியில் இரண்டு ட்யூனர் சும்மா கிடந்தது. ஹால் கம்ப்யூட்டரால் அதைக் கடன் கேட்க முடியாது, அது மாடிக்காரரின் பங்கு.

காலையில் வந்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கோரைக்கூட யாரிடமும் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டு வந்திருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று மத்தியானம்தான் எனக்கு மூன்றாம் ஆண்டு டெலிபோன் ஸ்விட்சிங் பேப்பர் ஞாபகம் வந்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம். எத்தனை பேர் பேச நினைக்கிறார்கள், எத்தனை லைன் இருக்கிறது, எத்தனை பேருக்கு "எங்கேஜ்டு" கிடைக்கும் என்பதைச் சொல்லும் கணக்கு. பரீட்சைக்கு உருப்போட்டு எழுதியதோடு சரி, பிறகு அதைத் தொட்டதில்லை. ட்யூனரை லைனாக நினைத்துப் போட்டுப் பாருங்கள். நாலு பேர், ஆளுக்கு அரை எர்லாங் தேவை என்று வையுங்கள். அதாவது தடை எதுவும் இல்லாவிட்டால் ஒருவர் சராசரியாக அரை ட்யூனரை ஓட்டிக்கொண்டிருப்பார். நாலு ட்யூனரையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவரும் கேட்கும் மூன்று தடவையில் ஒரு தடவை இல்லை என்று பதில் வரும், 33 சதவீதம். அதே நாலையும் பொதுவில் வைத்தால் மொத்தத் தேவை 2 எர்லாங், இல்லை என்ற பதில் 9.5 சதவீதம்தான். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்றே மூன்றைப் பொதுவில் வைத்தாலும் 21 சதவீதம்தான். பிரித்துக்கொடுத்த நாலைவிடப் பொதுவில் இருக்கும் மூன்று மேல்! தம்பிகள் இன்றைக்கு ராத்திரி கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்கள், நாலு வரிக் கணக்கு.

பேராசிரியர் எழுந்து கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எர்லாங்கின் கணக்கில் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் அவரவர் நேரத்தில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் ராத்திரி ஒன்பது மணிக்கே கேட்பார்கள். ஆகவே உண்மையில் நிலைமை இதைவிட மோசம். ஆனாலும் எது மேல், எது கீழ் என்கிற வரிசை மாறவில்லை.

அந்த வசந்தத்தில் கார்டைக் கழற்றிவிட்டு எச்.டி.ஹோம்ரன் பிரைம் என்ற பெட்டியை வாங்கினோம். 2011-இல் வந்தது. அதில் மூன்றே ட்யூனர். ஆனால் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டாம், நேராக நெட்வொர்க்கில் உட்காரும். எந்தக் கம்ப்யூட்டர் கேட்கிறதோ அதற்குக் கொடுக்கும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். "நாலை விட்டுட்டு மூணு வாங்குறியே, புத்தி இருக்கா?" என்று கேட்ட அண்ணனுக்கு எர்லாங் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "இதையெல்லாமா நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். அதன் பிறகு ட்யூனருக்காக வீட்டில் சண்டை வந்ததாக ஞாபகமில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் பெருமையாக இறங்கிப் போயிருப்பேன். 2013 ஆகஸ்டில் அண்ணனின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அவர் அவசரமாக ஊருக்குக் கிளம்பினார். அவர் ஐந்து வருஷமாகப் பார்த்துவந்த 'பிரேக்கிங் பேட்' தொடரின் கடைசி எட்டுப் பகுதிகள் அப்போதுதான் தொடங்க இருந்தன. ஆகஸ்ட் 11 முதல் செப்டம்பர் 29 வரை, ஞாயிறு தோறும். ஏர்போர்ட்டில் இறங்கும்போது, "டேய், மறக்காம எடுத்து வை. நான் வந்து பார்த்துக்கறேன்" என்றார். அப்பா பிழைப்பாரா என்ற கவலையில் இருந்தவருக்கு, திரும்பி வருவோம் என்று சொல்லிக்கொள்ள அது ஒரு சாக்கு என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. எட்டையும் பதிவு செய்தேன், ஒரு நிமிஷம் விடாமல். அக்டோபரில் ஹால் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துப்போனது. ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தது. அதை எடுத்து மாடிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எட்டு ஃபைலும் பெயரோடு, அளவோடு, தேதியோடு இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு சேனலோடும் நகல் பற்றிய ஒரு குறியீடு வரும். நாலு விதம்: தாராளமாக நகலெடு, இனி நகலெடுக்காதே, ஒரு முறை மட்டும் எடு, எடுக்கவே எடுக்காதே. எஃப்.சி.சி. 2003-இல் வகுத்து 2013 வரை இருந்த விதிப்படி, ஆன்டெனாவில் இலவசமாகக் கிடைக்கும் சேனலுக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை. கட்டணச் சேனலுக்கு அதிகபட்சம் "ஒரு முறை" என்று போடலாம் என்று இருந்தது. போட்டே ஆக வேண்டும் என்றில்லை, அது கேபிள்காரர் இஷ்டம். எங்கள் ஊர்க்காரர் போட்டிருந்தார். அப்படிப் போட்டால் அந்தப் பதிவு எந்தக் கம்ப்யூட்டரில் எடுக்கப்பட்டதோ அதோடு கட்டிப்போடப்படும். மதர்போர்டு மாறினால் அது வேறு கம்ப்யூட்டர். சூப்பர் பௌல் இலவசச் சேனலில் வந்தது, அந்தப் பாதிப் பதிவு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. நான் ட்யூனரைத்தான் பொதுவாக்கியிருந்தேன். பதிவு அந்தந்தக் கம்ப்யூட்டரின் தனிச் சொத்தாகவே இருந்தது. வேலை தொடங்கும் முன் அந்தக் குறியீட்டைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியின் அமைப்புப் பக்கத்திலேயே அது தெரியும். ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

அண்ணன் நவம்பரில் வந்தார். அப்பா பிழைத்துவிட்டார், அந்தச் சந்தோஷத்தில் என்னைத் திட்டவில்லை. பிற்பாடு டிஸ்க் வாங்கிப் பார்த்தோம், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து.

அந்த ஏற்பாடே பிறகு கலைந்துவிட்டது. கேபிள்காரர்களும் தங்கள் பெட்டிக்குள் தனிச் சாவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2007 முதல் இருந்த விதியை 2014 டிசம்பரில் வந்த சட்டம் எடுத்துவிட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மீடியா சென்டர் இல்லை. 2020-இல் எஃப்.சி.சி. கேபிள்கார்டு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கியது. தாங்கள் உபயோகிக்கிற சாவி என்றால் கேபிள்காரர்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்தவனுக்கு மட்டுமான சாவி துருப்பிடிக்கும். இது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்கு வரலாம்.

அந்த மூன்று ட்யூனர் பெட்டியை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இங்குள்ள கேபிள் டி.வி.பி.-சி முறை, அதில் இது வேலை செய்யாது. துறை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன். திறந்து பாருங்கள், உடைந்தாலும் பரவாயில்லை. எர்லாங் பேப்பரில் எனக்கு 41 மார்க் போட்டுப் பாஸ் பண்ணிவிட்ட பேராசிரியர் முன் வரிசையில் இருக்கிறார்.