தேங்காயெண்ணெயும் மேனி பேணலும்

முழுக்குக்கு நல்லெண்ணெய், தலைவாருவதற்குத் தேங்காயெண்ணெய் என்பது நம்மவர் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இன்றோ அத் தேங்காயெண்ணெய் அழகிய குப்பிகளிற் புகுந்து, முடியுதிர்வு முதல் முகப்பரு வரை யாவற்றையும் தீர்க்கும் அருமருந்தெனப் பேசப்படுகின்றது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிந்து பயன்கொள்வதே இல்லறத்தார்க்கு நன்மை தரும்.

முதலில் கூந்தலை எடுத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலமாகும். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகையால் மயிரிழையினுள்ளே ஊடுருவ வல்லது. மயிர் நனைந்து ஊதுவதும் உலர்ந்து சுருங்குவதுமாக இருக்கையில், அதன் புரதம் சிறிது சிறிதாகக் கழிந்துவிடும். 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இவ்விழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெயே எனக் கண்டது. ஆதலால், முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்னரே ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெயை முடியிற் பூசிவைத்தல் நன்று. எனினும் காப்பது வேறு, வளர்ப்பது வேறு. வழுக்கையில் முடி முளைப்பிக்கும் ஆற்றல் இவ்வெண்ணெய்க்கு உண்டெனக் கூற உறுதியான சான்று இல்லை.

கறிவேப்பிலையோ கரிசலாங்கண்ணியோ இட்டு எண்ணெய் காய்ச்சுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எண்ணெயைக் கெடுப்பது நீர். இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். பின்னர் இளஞ்சூட்டில் காய்ச்சுங்கள். சலசலப்பு அடங்கி, இலை மொறுமொறுப்பாகும்போது நீர் வற்றிவிட்டது என அறியலாம். உடனே இறக்கி, ஆறவிட்டு, வடித்து, நன்கு உலர்ந்த போத்தலில் அடையுங்கள். சிக்கு நாற்றம் எழுந்தால் அதனைப் பூசவேண்டாம்.

ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் இவ்வெண்ணெய் உருகும். ஆகவே நுவரெலியாவின் குளிரில் உறைந்து நிற்பது மட்டக்களப்பு வெயிலில் இளகி ஓடும். உறைதல் பழுதன்று, போத்தலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். வெடித்த குதிகாலுக்கும் உதட்டிற்கும் களிம்பு வேண்டுவோர், எண்ணெய் மூன்று பங்கும் தேன்மெழுகு ஒரு பங்குமாகக் கிண்ணமொன்றில் இட்டு, அதனைக் கொதிநீரில் வைத்து உருக்கி ஆறவிட்டால் போதும்.

இனித் தோலைப் பார்ப்போம். குளித்தபின் ஈரம் முற்றும் காயுமுன் மெல்லப் பூசினால், தோலின் நீர்ப்பசை வெளியேறாமற் காக்கும். பிலிப்பைன்சில் கரப்பான் நோயுற்ற 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்தி, 2014 இல் வெளியிட்ட ஆய்வில், கனிம எண்ணெயிலும் தேங்காயெண்ணெய் கூடிய பயன் தந்தது. ஆயினும் முகப்பரு உடையோர்க்கு இது துவாரங்களை அடைத்துத் தீங்கு செய்யக்கூடும். பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் கொழுப்பை உண்டு வாழ்வதாகையால், பொடுகுள்ள தலையில் எண்ணெயை ஊறவிடுதலும் தகாது. கடும் வெயிலைத் தடுக்கவும் இதனை நம்பியிருத்தல் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அடுப்படியில் பிள்ளைக்குச் சூடு பட்டுவிட்டால், பதற்றத்தில் கை எண்ணெய்ப் போத்தலையே நாடும். அது வேண்டாம். எண்ணெய் அவ்விடத்து வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும். குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் புண்மீது ஓடவிடுங்கள். பின்னர் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தென்னை நமக்குத் தந்த இந்த எண்ணெய் நல்லதொரு துணை. துணையை மருத்துவனாக்காது, அதற்குரிய இடத்தில் வைத்துப் போற்றுவோமாக.