36 கார்டு, ஒரு டப்பா அதிரசம்

இந்த எபிசோட் கொஞ்சம் சின்னப் பசங்க மேட்டர். வீட்ல மூணாவது, நாலாவது படிக்கிற அக்கா பசங்க, அண்ணன் பசங்க யாராவது இருந்தா, தீபாவளிக்கு ஊருக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க.

எங்க அக்கா பொண்ணு நாலாவது படிக்கிறா. லீவுக்கு ஸ்கூல்ல ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்திருக்காங்க. 60 வகுத்தல் கணக்கு. மேல ஒரு அகல் விளக்கு, ஓரத்துல புஸ்வாணம், நடுவுல 42 ÷ 6, 56 ÷ 8, 27 ÷ 3. அவ்ளோதான். விளக்கை எடுத்துட்டு கரும்பு வரைஞ்சா அது பொங்கல் ஒர்க்‌ஷீட் ஆயிடும். தீம் மட்டும் மாத்தியிருக்காங்க, பேக்எண்ட் அதேதான். அவ பத்துக் கணக்கு போட்டுட்டுப் பென்சிலை வச்சிட்டா. "எனக்கு மேத்ஸ் வராது மாமா." வயசு ஒன்பது. அந்த வாக்கியம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்ல. ஏசர்னு கிராமப்புறப் பசங்க படிப்பைப் பத்தி ஒரு சர்வே எடுக்கிறாங்க. மூணு இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால வகுக்கணும், அதுதான் அதுல வகுத்தல் டெஸ்ட். 2024 அறிக்கைப்படி நாடு முழுக்க அஞ்சாவது படிக்கிற கிராமப்புறப் பசங்கள்ல அதைப் போட முடிஞ்சவங்க சுமார் 30 சதவீதம். நீள வகுத்தல்ல எங்க மாட்டுவாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா தெரியும். 42-ல எத்தனை ஆறுன்னு விரல் விட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள, எந்த இலக்கத்துல இருந்தோம்ங்கிறதே மறந்துடுது.

அதனால மனப்பாடமே வேணாம்னு சொல்ற கட்சி நான் இல்ல. வேணும். ஆனா எவ்வளவு வேணும்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1 முதல் 10 வரைக்கும் வாய்ப்பாட்டுல 100 பெருக்கல் இருக்கு. ஆறேழும் ஏழாறும் ஒண்ணுதான்னு புரிஞ்சா 55. அதுல 1, 2, 5, 10 எல்லாம் பசங்களுக்கு சீக்கிரம் வந்துடும். அதைக் கழிச்சா மிச்சம் வெறும் 21. அந்த 21-ஐத் திருப்பிப் போட்டா 36 வகுத்தல் கிடைக்கும். அவ்ளோதாங்க மொத்த பூதமும். 60 கணக்குல வந்ததையே திரும்பத் திரும்பப் போடுறதுக்குப் பதிலா, பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்தை வெட்டி 36 கார்டு பண்ணினோம். ஒரு நாளைக்குப் புதுசா நாலு, பழசுல கொஞ்சம், அஞ்சு நிமிஷம். ஸ்டாப்வாட்ச் கிடையாது. ஸ்டாப்வாட்ச் வச்சா வீட்ல ரெண்டு பேர் அழுவாங்க, அதுல ஒண்ணு அம்மாவா இருக்கும்.

இப்போ பண்டிகை எங்க வருது? பலகாரத் தூக்குல வருது. 24 அதிரசம், 6 பேர், ஆளுக்கு எத்தனை? சீட்டு போடுற மாதிரி ஒண்ணொண்ணா வச்சுக்கிட்டே போவா. அடுத்து, அதே 24 அதிரசம், பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க ஒரு டப்பாவுக்கு 6. எத்தனை டப்பா? இப்போ கை வேற மாதிரி வேலை செய்யும், ஆறு ஆறா அள்ளும். எழுதினா ரெண்டுமே 24 ÷ 6 தான். ஆனா முதல்ல தெரிஞ்சது ஆளு, ரெண்டாவதுல தெரிஞ்சது ஒரு டப்பாவோட அளவு. கார்டைப் பார்த்ததும் டக்குனு விடை வரணும்னா இந்த ரெண்டாவது கேள்விதான் உதவுது: "24-ல எத்தனை ஆறு இருக்கு?" ஆறு வாய்ப்பாடு தானா வந்து நிக்கும். புத்தகத்துல இந்த விடைக்குப் பேரு ஈவு. ஈவு இரக்கம்னு சொல்றோமே, அதே ஈவு. கொடுக்கிறது, பங்கிடுறது. வார்த்தையே பலகாரத் தட்டோடதான் வந்திருக்கு, நாமதான் அதை ஒர்க்‌ஷீட்ல அடைச்சு வச்சிருக்கோம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மீதி. 26 ÷ 4. கம்பி மத்தாப்பு 26, பசங்க 4 பேர்: ஆளுக்கு 6, மீதி 2, அதுக்கு ஒரு சண்டை. அதிரசம் 26, 4 பேர்: ஆறரை, பிச்சுக்கலாம். கோயிலுக்குப் போக 26 பேர், ஒரு கார்ல 4 பேர்: ஆறு கார்னு சொன்னா ரெண்டு தாத்தா நடந்துதான் வரணும், அதனால 7. ஒரே கணக்கு, மூணு பதில். கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், பைத்தான்ல இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி வழி இருக்கு, எது வேணும்னு நாமதான் முடிவு பண்ணணும். வெறும் 26 ÷ 4-ன்னு கேட்கிற தாள்ல அந்த முடிவுக்கே வேலை இல்ல. சும்மா 4 ÷ 0-வும் கேட்டுப் பார்த்தேன். "ஆளே இல்லைன்னா யாருக்கு மாமா குடுக்கிறது?"ன்னா. ஆபீஸ்ல அந்த எர்ரரை இவ்வளவு தெளிவா யாரும் விளக்கினது இல்ல.

உங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல காலையில 6-லிருந்து 7 வரைக்கும்தான் பட்டாசுக்கு அனுமதி. பசங்க 5 பேர், கையில இருக்கிறது ஒரே ஒரு ஊதுபத்தி. ஆளுக்கு எத்தனை நிமிஷம்? விடையை எனக்கு அனுப்பாதீங்க, பக்கத்துல இருக்கிற வாண்டுகிட்ட கேளுங்க. "முதல்ல யாரு?"ன்னு அது திருப்பிக் கேட்டா, அதுக்கு என்கிட்ட கார்டு இல்ல. அடுத்த வாரம் பார்ப்போம்.