சாவி கொடுக்கும் முன் ஒரு போன்



'டு-லெட்' போர்டைப் பார்த்து ஒருவர் வந்து நின்றதும் நம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "சைவமா, அசைவமா?" பிறகு சுற்றி வளைத்து, "நீங்க என்ன ஆளுங்க?" வாடகை வழக்குகளை நடத்துகிற வக்கீல் நான். சாப்பாட்டாலோ சாதியாலோ முளைத்த வழக்கு ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை. வாடகை பாக்கி, கரண்ட் பில், அட்வான்ஸில் பிடித்த பணம், காலி செய்ய மறுப்பது, இவைதான் வருகின்றன. விசாரிக்க வேண்டியதும் இவற்றைத்தான்.

யாரிடம் விசாரிப்பது? முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம்! என் கட்சிக்காரர் ஓர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடு கேட்டு வந்தவர் வாடகை கார் ஓட்டுகிறவர். சம்பளச் சீட்டு கிடையாது. அந்த அம்மா பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "நல்ல மனுஷன்தாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "வாடகை எந்தத் தேதிக்கு வரும்? அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்காக?" என்று கேட்டார். பதில் வந்தது: "கொரோனா நேரத்தில் வாடகை தள்ளிப்போச்சும்மா. ஆனா அஞ்சாம் தேதிக்கு முன்னாடி அவரே கூப்பிட்டுச் சொல்லிடுவார். சுவத்துல ஆணி அடிக்கக்கூட கேட்டுட்டுத்தான் அடிப்பார்." அந்த அம்மா அன்றே வீட்டைப் பேசி முடித்தார். எந்தச் சம்பளச் சீட்டு இதைச் சொல்லும், சொல்லுங்கள்!

ஒன்றைக் கவனியுங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், ஆளை அனுப்பினால் போதும் என்று புகழ்ந்தும் பேசக்கூடும். அதற்கு முந்தைய வீட்டிலும் கேட்டுவிடுங்கள். பழைய வாடகை ரசீதோ, மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவோ இருந்தால் வாங்கிப் பாருங்கள். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போனால் பிற்பாடு இழுபறிதான்.

நேரம் குறைவு, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலே போதும். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரப் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்கள் இதை மனதில் வையுங்கள்.

தனியாக வாழும் பெண்கள், கைம்பெண்கள், வேலை தேடி நகரத்துக்கு வந்த பிள்ளைகள் என எத்தனையோ பேர் கதவு கதவாகத் தட்டித் திரும்புகிறார்கள். அடுத்து உங்கள் கதவைத் தட்டுகிறவரிடம் சாதியைக் கேட்காதீர்கள். பழைய வீட்டுக்காரரின் போன் நம்பரைக் கேளுங்கள். செய்வீர்கள் என்று நம்புகிறேன்.