ஓட்டுக்கு மட்டும்தான் வீடு வீடாப் போவோமா?

(இணைய அணித் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புற்றுநோய் விழிப்புணர்வுன்னா நாம என்ன செய்வோம்? பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினத்துக்கு ஒரு போஸ்டர். அக்டோபர் வந்தா பிங்க் ரிப்பன் டிசைன். லைக், ஷேர் எண்ணிப் பார்ப்போம். மறுநாள் அடுத்த ட்ரெண்டிங்குக்குப் போயிடுவோம். அந்தப் போஸ்டரைப் பார்த்து எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனாங்க? அந்தக் கணக்கு நம்மகிட்ட இல்லை.

கணக்கு வச்சுச் செய்த ஒரு வேலை நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்திருக்கு. 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பாங்க. பாதிப்பு இருந்தா அந்த இடம் வெள்ளையா மாறும். சில நிமிஷ வேலைதான். முடிவு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரே ஒரு முறை பரிசோதனை நடந்த பகுதிகளில், இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது!

ஆனா அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கு. தகுதியுள்ள 49,311 பெண்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 31,343 பேர். மூணுல ஒருத்தர் வரலை.

ஏன் வர மாட்டாங்கன்னு நமக்குத் தெரியாதா? ஒரு நாள் கூலி போகும். துணைக்கு ஆள் இல்லை. கூச்சம். பயம். எல்லாத்துக்கும் மேல, "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் மெக்கானிக்கல் படிச்சவன். மெஷின் நிக்கிற வரைக்கும் காத்திருக்காதே, சத்தம் மாறினாலே திறந்து பாருன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க. உடம்பும் அப்படித்தான். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால இவற்றைக் கவனியுங்க:

🔸 வாய்: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்கச் சிரமம். புகையிலை, பாக்கு போடுறவங்க கூடுதல் கவனமா இருக்கணும்.

🔸 மார்பகம்: வலி இல்லாவிட்டாலும் கட்டி, தோலில் குழி, உள்ளே இழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு.

🔸 கர்ப்பப்பை வாய்: மாதவிடாய் நின்ற பிறகோ, உறவுக்குப் பிறகோ ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்.

இது இருந்தாலே புற்றுநோய்னு அர்த்தம் இல்லை. வேற காரணமாவும் இருக்கலாம். டாக்டர் பார்த்தாதான் தெரியும். அதே போல, அறிகுறி எதுவும் இல்லாட்டியும் 30 வயது தாண்டிய பெண்கள் பரிசோதனை செஞ்சுக்கணும். நோயா மாறுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுங்கிறதுதான் இதோட பலமே.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். தேர்தல் அன்னைக்கு எந்த வீட்ல யார் இன்னும் ஓட்டுப் போடலைன்னு மதியம் 3 மணிக்கே நமக்குத் தெரியும். நடக்க முடியாத பாட்டியைக்கூட ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். அந்தத் திறமை ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் வேலை செய்யணுமா?

இந்த மாசம் ஒவ்வொருத்தரும் இரண்டே பேரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. முதல் ஆள் உங்க அம்மாவா இருக்கட்டும். பெண்களிடம் நம்ம மகளிர் அணிச் சகோதரிகள் பேசட்டும். ஹான்ஸ் போடுற நண்பன்கிட்ட நீங்க பேசுங்க. பரிசோதனைக்குக் காசு வேண்டாம். சிகிச்சை தேவைப்பட்டா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. சந்தேகம்னா 104-க்குக் கூப்பிடுங்க. ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் கூடவே இருங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம். கூட வர்றவங்களோட மானம் நம்ம ரீச்சை விடப் பெருசு.

இந்தப் பதிவை ஷேர் பண்றதுக்கு முன்னாடி, யாரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னு மனசுக்குள்ள இரண்டு பேரை முடிவு பண்ணுங்க. அப்புறம் ஷேர் பண்ணுங்க.



#வலிக்கும்முன்_பார்ப்போம்