சோப்பும் உள்ளமும்

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி நதிக்கரையில் அமைந்தது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளத்தால் பெயர்பெற்ற இவ்வட்டாரத்திற்கு இந்தியச் சோப்புத் தொழிலின் வரலாற்றிலும் இடமுண்டு. 1934ஆம் ஆண்டில் இங்கிருந்த ஓர் ஆலையை லீவர் நிறுவனம் வாடகைக்கு எடுத்து விரிவுபடுத்தித் தன் சோப்பு வகைகளைத் தயாரிக்கலாயிற்று. லைப்பாய் சோப்போ 1895ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. குளிக்கவும் துணி வெளுக்கவும் சோப்பு இன்று குடிசை வரை சென்றுள்ளது. எனினும், மலங்கழித்த பின்னரும் உணவைத் தொடுமுன்னரும் அதை எடுப்போர் சிலரே. இளங்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் வயிற்றுப்போக்கு, கழுவப்படாத கைகளின் வழியாகவும் பரவுகிறது.

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று கருதிக் கிருமிகளின் படங்களைச் சுவரில் ஒட்டுவது நெடுங்கால வழக்கம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு சோதனை வேறு வழியை நாடியது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியினரும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தினரும் 14 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றுள் ஏழில் 'சூப்பர் அம்மா' இயக்கத்தை நடத்தினர். அதில் நோய் பற்றிய போதனைக்கு முதலிடம் இல்லை. மகனை நற்பழக்கங்களுடன் வளர்க்கும் தாய் ஒருத்தி, மண்ணையும் புழுவையும் பிசைந்து லட்டு பிடிக்கும் 'லட்டு லிங்கம்' என்னும் கோமாளி ஆகிய இரு பாத்திரங்களே அதன் மூலதனம். தாய்மையின் பெருமிதம் ஒருபுறம், அருவருப்பு மறுபுறம். இவற்றோடு, ஊரார் முன்னிலையில் பெண்கள் உறுதிமொழியும் ஏற்றனர்.

கேட்டால் எவரும் கழுவுவதாகவே சொல்வர். ஆகவே ஆய்வாளர்கள் வீடுகளில் அமர்ந்து நேரில் கண்டு குறித்தனர். தொடக்கத்தில், கழுவ வேண்டிய வேளைகளில் ஒரு சதவீதத்தில் மட்டுமே சோப்பு பயன்பட்டது. ஆறு வாரங்களில் அது 19 சதவீதமாகவும், ஆறு மாதங்களில் 37 சதவீதமாகவும் உயர்ந்தது. இயக்கம் நடவாத ஊர்களில் அப்போது 6 சதவீதமே. ஓராண்டின் முடிவில் 29 சதவீதம் நிலைத்தது. வியப்பூட்டும் முன்னேற்றந்தான். ஆயினும், பெரும்பான்மையான வேளைகளில் சோப்பு இன்னும் தொடப்படவில்லை என்பதையும் அதிகாரிகள் மறத்தலாகாது.

அருவருப்பைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. தீட்டு என்னும் பெயரால் மனிதரையே விலக்கி வைத்த நாடு இது. லட்டு லிங்கத்தைக் கண்டு ஊர் சிரித்தது. அவ்விடத்தில் ஒரு சாதியையோ ஏழையையோ நிறுத்தினால் விளைவது சுகாதாரம் அன்று.

மேலும், அச்சோதனை அளந்தது பழக்கத்தையே; நோய் குறைந்த அளவை அன்று. சிற்றூரில் பயன்பட்ட முறையை, நெருக்கமான கார்டன் ரீச் சந்துகளுக்கு அப்படியே பெயர்த்தெடுக்கவும் இயலாது. பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பகிரும் இடத்தில், யாருடைய சோப்பை எங்கே வைப்பது, அது களவு போகாமல் காப்பது யார், குழாயில் நீர் வராத வேளையில் என் செய்வது என்பனவற்றையெல்லாம் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.