காய்ச்சலும் வலிப்பும்: ஒரு வைத்தியரின் சில வார்த்தைகள்
(நூற்றாண்டு விழாப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஜாம் போத்தல் விளக்கில் படித்த வகுப்பு எங்களுடையது. அந்த நாட்களின் ஒரு காலைப் பிரார்த்தனை இன்னும் என் கண்முன் நிற்கிறது. எட்டாம் ஆண்டில் என் பக்கத்தில் நின்ற தோழி திடீரென விழுந்து வலிப்புக் கண்டாள். யாரோ ஓடிப்போய் இரும்புத் திறப்பை எடுத்துவந்து அவள் கைக்குள் திணித்தார்கள். இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை வைத்தார். அடுத்த கிழமை அவள் கடைசி வாங்கில் தனியே இருந்தாள். அடுத்த தவணை அவள் வரவில்லை. நானும் அவளைத் தேடிப் போகவில்லை. நான் குழந்தைகள் நல வைத்தியராக வந்ததற்கு அந்தக் குற்ற உணர்வும் ஒரு காரணம்.

பின்னாளில் அவளுடைய அம்மாவைக் கண்டபோது, இரண்டு வயதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததாகச் சொன்னார். கிருமி போய்விட்டது, அது விட்டுச் சென்ற தழும்பு வலிப்பாகத் தங்கிவிட்டது. பேயும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரும். பெரும்பாலும் சாதாரண வைரசுத் தொற்றே காரணம். இன்புளுவென்சாவாக இருக்கலாம். அல்லது மனித ஹேர்ப்பிஸ் வைரசு 6 ஆக இருக்கலாம். மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் இளஞ்சிவப்புப் பொட்டுகள் போடுமே, அந்த நோயைத் தருவது இதுதான்.

வைரசு உடலுக்குள் நுழைந்ததும் எமது வெண்குருதிக் கலங்கள் இன்டர்லூக்கின்-1 பீற்றா போன்ற இரசாயனத் தூதுகளை வெளிவிடுகின்றன. உடல் வெப்பத்தை உயர்த்துவது இவைதான். இதே தூதுகள் மூளையின் நரம்புக் கலங்களை எளிதில் தூண்டப்படக் கூடியவையாகவும் ஆக்குகின்றன. முதிராத மூளை, பரம்பரைச் சாயல், அழற்சி ஆகிய மூன்றும் சேரும்போது வலிப்பு வருகிறது. வைரசு மூளைக்குள் போகவேண்டும் என்றில்லை. இப்படி வலிப்புக் கண்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு அது திரும்பவும் வரலாம். ஆனால் சாதாரண காய்ச்சல் வலிப்பு பிள்ளையின் அறிவையோ படிப்பையோ கெடுப்பதில்லை.

இரண்டாவது, மூளை அழற்சி. இதில் வைரசு மூளைக்குள்ளேயே புகுந்துவிடும். அல்லது உடலின் நிர்ப்பீடனமே மூளையைத் தாக்கும். வலிப்பு நின்ற பின்னும் பிள்ளை தெளியாதிருத்தல், கழுத்து விறைத்தல், தொடர் வாந்தி, ஒரு பக்கம் மட்டும் இழுத்தல், ஒரே நாளில் மீண்டும் வலித்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரசுக்கு அசைக்குளோவிர் என்ற மருந்து உண்டு. அதை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும். காய்ச்சலைத் தொடர்ந்து அடங்காமல் வரும் சில அரிய வலிப்புகளுக்கு, இன்டர்லூக்கின்-1 ஐத் தடுக்கும் அனாகின்ரா என்ற மருந்தை இன்று பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அழற்சியை அடக்கினால் வலிப்பும் அடங்கலாம் என்பதே அதன் அடிப்படை.

வருமுன் காப்பதில் எமது நாடு பெருமைப்படலாம். 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளை அழற்சி பல உயிர்களைப் பறித்தது. 1988 இல் அதற்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. சின்னமுத்துத் தடுப்பூசியும் மூளையைக் காக்கும் ஊசியே. குடும்ப நல உத்தியோகத்தர் தரும் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் முதல் வலிப்பு வந்தபோது, பல நூறு பிள்ளைகளைப் பார்த்த இந்தக் கைகளே நடுங்கின. ஆகவே உங்கள் பயம் எனக்குப் புரியும். பயத்தோடேயே இவற்றைச் செய்யுங்கள்:

பிள்ளையை நிலத்தில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள்; தண்ணீரும் பருக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். திறப்பு கதவைத் திறக்க மட்டுமே. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே அம்புலன்சை அழையுங்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கம். விரைவில் நின்றாலும், முதல் வலிப்பென்றால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பரசிற்றமோல் உடல் நோவைத் தணிக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று எண்ணி அளவுக்கு மிஞ்சிக் கொடுக்க வேண்டாம். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. டெங்கு உலவும் எமது நாட்டில் வைத்தியர் சொல்லாமல் இபுபுரோபெனும் வேண்டாம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து நடுச்சாமத்தில் பேரப்பிள்ளையின் வீடியோவை எனக்கு அனுப்பும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை: வீடியோ எடுப்பது நல்லது, வைத்தியருக்கு உதவும். ஆனால் முதலில் பிள்ளையைச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு எடுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எங்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், அடுத்த நாள் அவளை அவளுடைய பழைய இடத்திலேயே, தோழிகளின் நடுவே இருத்துங்கள். அவள் வராவிட்டால் தேடிப் போங்கள். இந்த நூற்றாண்டு மண்டபத்தில் என் தோழிக்கும் ஓர் ஆசனம் இருந்திருக்க வேண்டும். அடுத்த நூறு ஆண்டில் எந்தப் பிள்ளையின் ஆசனமும் இப்படி வெறுமையாகக் கூடாது.